பிரேக்கர் வீட்டு மாப்பிள்ளை

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, "இவனுக்கு அந்த ஆள்மேல் காழ்ப்பு, அதான் இப்படிப் பேசுகிறான்" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது பாருங்கள். காழ்ப்பு இருக்கிறது. வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய மாப்பிள்ளையைப் பற்றி. அவரைத் தொடாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியவில்லை, அது என் தலையெழுத்து.

மாப்பிள்ளை கேபிள் ஜாயிண்டர். பூமிக்கடியில் ஓடுகிற தடித்த மின்கேபிள் எங்காவது அறுந்தால் குழி தோண்டி உள்ளே உட்கார்ந்து, கம்பி கம்பியாகப் பிரித்துச் சேர்த்து, உருக்கின கலவையை ஊற்றி மூடுகிற வேலை. மற்றவர்கள் செய்த வேலையை நாலு பேர் பார்ப்பார்கள். இவன் செய்ததை மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். நல்ல உயரம், ஒல்லி உடம்பு, விரல்கள் மட்டும் நீள நீளமாக இருக்கும். பேச்சு கம்மி. சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். மழை நாளில் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருப்பான். மேலே போகிறவன் எவனாவது, "என்னய்யா, உயிரோட இருக்கியா?" என்று குனிந்து கேட்டால், "பாதி இருக்கு. டீ வாங்கிட்டு வந்தா மீதியும் வந்துடும்" என்பான்.

கண்ணாடி பாட்டில் செய்கிற பெரிய தொழிற்சாலை எங்களுடையது. நான் அங்கே மோட்டார் பிட்டர். என் அக்கா மகள் பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கழிக்கிற பிரிவில் இருந்தாள். மயிரிழை விரிசலைக்கூட விடாமல் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அப்பேர்ப்பட்டவள் இந்த ஜாயிண்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவனிடம் ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் அப்பாவுக்குப் படவில்லை. அவர் ஸ்விட்ச் ரூம் ஃபோர்மேன். தொழிற்சாலை முழுக்க அவருக்கு 'பிரேக்கர்' என்று பெயர். பெரிய மின்சுவிட்சுக்குப் பிரேக்கர் என்று பெயர் உண்டு, அதைக் கட்டி ஆள்கிறவர் என்பதால் வைத்தார்கள் என்று மேலதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். கூட வேலை செய்கிறவனை நாலு பேர் முன்னால் நறுக்கென்று உடைத்துப் போடாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது.

"குழிக்குள்ள குந்துற பயலுக்கா என் பொண்ணு? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றார். நடந்தது. அவரும் இருந்தார். பதிவு அலுவலகத்தில் பெண் பக்கம் கையெழுத்துப் போட நான் ஒருத்தன்தான் போனேன். அதற்குப் பிறகு அத்தானுக்கும் எனக்கும் இருந்த அரைகுறைப் பேச்சும் போயிற்று.

மகள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் என் அக்கா பிடிவாதம் பிடித்து இரண்டு பேரையும் வீட்டுக்கு அழைத்துவந்து பின்னறையில் வைத்தாள். தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸ் அது, அத்தான் வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் கூரை. மாப்பிள்ளையிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனை வைத்துக்கொண்டே அக்காவிடம், "அந்த ஆளு தின்னாச்சான்னு கேளு, விளக்கை அணைக்கணும்" என்பார். இவன் தட்டைப் பார்த்தபடியே, "தின்னாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பான். தோள் குலுங்கும். அவருக்கு அந்தக் குலுங்கலைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

எங்கள் தொழிற்சாலைக்கு இரண்டு லைனில் மின்சாரம் வருகிறது, வேறு வேறு துணைமின் நிலையங்களிலிருந்து. பாதித் தொழிற்சாலை ஒன்றில் ஓடும், மீதி மற்றதில் ஓடும். நடுவில் இரண்டையும் இணைக்கிற பெரிய சுவிட்ச் ஒன்று உண்டு, கப்ளர் என்போம். ஒரு லைனை நிறுத்தவேண்டி வந்தால், முதலில் கப்ளரைப் போட்டு இரண்டையும் சில நொடி சேர்த்து வைத்து, அப்புறம் நிறுத்த வேண்டியதை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மின்சாரம் ஒரு கணமும் போகாது. போனால் உலைக்குக் காற்று ஊதுகிற புளோயர்கள் நிற்கும், அச்சுக்குள்ளே கண்ணாடி இறுகும், அன்றைய பொழைப்பு நாசம்.

ஆனால் இரண்டு லைனைச் சேர்ப்பது இரண்டு தண்ணீர்க் குழாயைச் சேர்ப்பது மாதிரி இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று கம்பி: சிவப்பு, மஞ்சள், நீலம். இந்தப் பக்கத்துச் சிவப்பு அந்தப் பக்கத்துச் சிவப்போடுதான் சேர வேண்டும், மஞ்சள் மஞ்சளோடு, நீலம் நீலத்தோடு. மாறிச் சேர்ந்தால் வெடிக்கும். அதற்காக இரண்டு காவல் வைத்திருந்தோம். பேனலின் முகத்தில் ஒரு மீட்டர். அதன் ஊசி நிமிர்ந்து நின்றால் இரண்டு லைனும் ஒத்துப்போகிறது என்று அர்த்தம். சாய்ந்து நின்றால் ஒரு மின்பூட்டு குறுக்கே விழுந்து கப்ளரைப் போடவிடாது. இன்னொரு காவல், சோதனைக் கம்பு. கேபிளில் யாராவது கைவைத்திருந்தால், கப்ளரைப் போடுவதற்கு முன்னால் இரண்டு நீளக் கம்புகளை எடுத்து, இந்தப் பக்கத்துச் சிவப்பில் ஒன்றும் அந்தப் பக்கத்துச் சிவப்பில் ஒன்றும் வைத்து அளக்க வேண்டும். ஒன்றும் காட்டக் கூடாது. மற்ற இரண்டுக்கும் அப்படியே. ஏதாவது காட்டினால் கம்பி மாறியிருக்கிறது, திரும்ப மாற்றிக் கட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அத்தான் தானாகக் கொண்டுவந்த சட்டம். கேபிளைக் கட்டினவன் எவனோ அவன் கைதான் முதல் தடவை கப்ளரைப் போட வேண்டும். "உன் உசிரை அங்க வச்சாத்தான்டா நீ ஒழுங்கா கட்டுவ" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் மட்டும் வாசலோரம் தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த மழைக்காலத்தில் மீட்டருக்குள் ஈரம் இறங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தபோதே ஒரு நாள் ஊசி சாய்ந்துகொண்டு, பூட்டு விழுந்து, மேனேஜர் நேரில் நிற்கும்போது அத்தானின் மானத்தை வாங்கியது. "இத்தனை வருஷ அனுபவம், ஒரு மீட்டரைச் சரியா வச்சுக்கத் தெரியலையே" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீட்டரைக் கழற்றிக் காயவைத்துச் சரிபண்ணி மாட்டியாயிற்று. அதற்கப்புறம் அது ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் தன் மூக்கை ஒரு தடவை உடைத்தது மனுஷனானால் என்ன, மீட்டரானால் என்ன, அத்தானுக்கு ஜென்ம விரோதிதான்.

இப்படி இருக்கையில், சாலைக்குப் பள்ளம் தோண்டுகிறேன் என்று வந்த ஒரு எந்திரம் மதில் சுவருக்கு வெளியே எங்கள் இரண்டாம் லைன் கேபிளைக் கிழித்துப் போட்டது. பாதித் தொழிற்சாலை நின்றது. மாப்பிள்ளை குழிக்குள் இறங்கினான்.

வேலை முடித்து மேலே வந்தபோது உடம்பெல்லாம் சேறு. நேராக ஸ்விட்ச் ரூமுக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். "மாமா, கேபிள் ரொம்பப் பழசு. கலரும் போயிடுச்சு, நம்பரும் அழிஞ்சு கிடக்கு. எது எதோட சேர்ந்திருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கம்பு வச்சுப் பாத்துடுங்க. மாறியிருந்தா இந்த முனையில மாத்திக் கட்டிடுறேன், அரை நாழி வேலை" என்றான். பழைய கேபிளில் இது சகஜம். சோதனைக் கம்பு இருப்பதே இதற்குத்தான்.

அத்தான் அவன் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்து, "யோவ், ரெண்டாம் லைன்ல ஒரு புளோயரை ஓட்டிப் பாரு, எந்தப் பக்கம் சுத்துதுன்னு" என்றார்.

ஓட்டினேன். சரியான பக்கம்தான் சுற்றியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று கம்பியில் ஏதாவது இரண்டு மாறிக் கட்டியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மூன்றுமே ஆளுக்கு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் தெரியாது. வட்டமாக உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த கதை. வரிசை மாறவில்லை, ஆனால் ஒருத்தனும் அவனவன் நாற்காலியில் இல்லை. மோட்டாருக்கு வரிசை போதும், ஜோராகச் சுற்றும். கப்ளருக்குப் போதாது. ஸ்விட்ச் ரூமில் வேலை பழகுகிறவனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அத்தானே தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"சரியாத்தான் சுத்துது அத்தான். ஆனா அதை நம்பி கப்ளரைப் போட முடியாதே, கம்பு வச்சுடுவோம்" என்றேன்.

"நீ பிட்டர். நட்டு முடுக்குறதோட நிறுத்திக்க" என்றார்.

அவசரம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றாம் லைனின் முனை சூடாகிக்கொண்டிருந்தது. அதில்தான் உலை ஓடிற்று. சீக்கிரம் கப்ளரைப் போட்டு, உலையை இரண்டாம் லைனுக்கு மாற்றிவிட்டு, ஒன்றை நிறுத்த வேண்டும். மேனேஜர் வந்து ஒரு தடவை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ஆகலையா?" என்று கேட்டுப் போனார். அத்தானுக்கு அது போதாதா? காது மடல் சிவந்துவிட்டது.

கட்டினவன் கைதான் போட வேண்டும் அல்லவா, மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு கப்ளருக்கு முன்னால் நின்றான். மீட்டரின் ஊசி நன்றாகச் சாய்ந்து நின்றது. பூட்டு விழுந்து கிடந்தது.

"ஆரம்பிச்சுட்டான்யா இந்தக் கிறுக்கன்" என்றார் அத்தான். மீட்டரைத்தான் சொன்னார். சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து, பேனலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பூட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்து மாட்டிவிட்டார். பூட்டு செத்தது. வாசல் பக்கம் நின்ற உதவியாட்களுக்கு அது தெரிந்திருக்காது, நான் பேனலை ஒட்டி நின்றதால் கண்ணால் பார்த்தேன்.

"மாமா, ஊசி சாய்ஞ்சு நிக்குது" என்றான் மாப்பிள்ளை. "மீட்டர் போன மாசம்தானே சரிபண்ணி வந்துச்சு. ஒரு தடவை கம்பு வச்சுடலாம் மாமா."

அத்தான் போய் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் அவனை நேராகப் பார்த்துப் பேசினார்.

"பயமா இருந்தா சொல்லுப்பா. உன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு விடுறேன். அவ வந்து போடுவா."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். உதவியாட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஏன் சிரிக்க மாட்டார்கள், ஃபோர்மேன் சொன்ன ஜோக்கு ஆயிற்றே. பாவி மனுஷன், மாசமாக இருக்கிற பெண்ணைப் பற்றி, அதுவும் பெற்ற மகளைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? மாப்பிள்ளையின் கழுத்து சிவந்தது. அவனுக்கு இந்த ஆளிடம் பயம் கிடையாது, கப்ளரிடம் பயம் உண்டு, அந்த இரண்டையும் அவன் குழப்பிக்கொண்டதில்லை. அன்றைக்கு அந்தச் சிரிப்பில் குழம்பிவிட்டான்.

"இருடா மாப்பிள்ளை, தொடாதே!" என்று கத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கம்பை எடுக்க நான் திரும்பினேன்.

சுவர் வெளுத்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. சத்தம் அப்புறம்தான் வந்தது. என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அறை முழுக்கச் செம்பு கருகிய புகை. எழுந்து தடவிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை பின்னால் வந்து விழுந்திருந்தான். சட்டை எரிந்துகொண்டிருந்தது. உதவியாள் ஒருத்தனும் நானும் கம்பளியைப் போட்டு அமுக்கி இழுத்தோம். கையுறை கையோடு ஒட்டிப்போயிருந்தது.

"சின்ன மாமா, கரன்ட் போயிடுச்சா? ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"ஆமா மாப்பிள்ளை. போயிடுச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவனை இழுக்கும்போது பார்த்தேன், அத்தான் மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். ஒரு கை கொடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். எங்களைத் தாண்டிப் போனார். பேனலின் பக்கவாட்டுக் கதவுக்குள் கையை விட்டு, அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான், "ஐயோ, என் மாப்பிள்ளை!" என்று கத்தினார்.

இரண்டு கண்ணும் போயிற்று. கையில் விரல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த நீள நீள விரல்கள்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அத்தான் சாட்சி சொன்னார்: "கம்பு வச்சுப் பாக்கச் சொன்னேன் சார். படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இள ரத்தம், கேக்கல." உதவியாட்கள், தாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றார்கள். அளந்து பார்த்தபோது மூன்று கம்பியும் ஓர் இடம் தள்ளிக் கட்டியிருந்தது தெரிந்தது. பூட்டில் ஒயர் எதுவும் இல்லை, வெடித்ததில் பூட்டே கருகிக் கிடந்தது. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "உங்களுக்கும் ஃபோர்மேனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாமே?" என்று கேட்டார்.

"கிடையாது சார்."

"அவரைப் பிடிக்காதாமே?"

"பிடிக்காதுதான் சார். அதுக்காக நான் பார்த்த ஒயர் இல்லைன்னு ஆயிடுமா?"

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். அடிபட்டவன் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று எழுந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டான், அவனுக்கு வராது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கதவோரம் நின்று கேட்டேன். முகம் முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் நிதானமாகச் சொன்னான்: "என் தப்புதான் சார். மாமா கம்பு வைக்கச் சொன்னார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி போனதும் உள்ளே பாய்ந்தேன். "உனக்கு என்ன பைத்தியமா? கண்ணை அவிச்சவனைக் காப்பாத்துறியே, வெட்கமா இல்ல?" என்று கத்தினேன். அப்போதுதான் மூலையில் ஸ்டூலில் என் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தலை நிமிரவில்லை.

"சத்தம் போடாதடா" என்றாள். "அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில ஒரு துண்டு ஒயர் இருந்துச்சு. ஒரு முனை கருகியிருந்துச்சு. குப்பையோட குப்பையாப் போட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா போட்ட? நீயெல்லாம் ஒரு மனுஷியா அக்கா?"

"தெரிஞ்சுதான் போட்டேன். அவருக்கு வேலை போச்சுன்னா மறுநாள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான். பொண்ணு நிறை மாசம். இவருக்குக் கண்ணு இல்ல, கை இல்ல. யாருடா பாப்பா? உன் ஒத்தை ரூம்ல வச்சு நீ பாப்பியா? சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போ. நான் தடுக்கல."

என் அறையில் நீட்டிப் படுத்தால் கால் கதவை இடிக்கும். அவளுக்கு அது முன்பே தெரியும், தெரிந்துதான் கேட்டாள்.

மாப்பிள்ளைதான் பேசினான். "அத்தை கேட்டாங்க, யோசிச்சுப் பாத்தேன். உண்மையைச் சொன்னா கண்ணு திரும்ப வரப்போகுதா சின்ன மாமா? வீடாவது இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டா. வயித்தையும் சுமந்துகிட்டு என்னையும் இழுத்துகிட்டு எங்க போவா?"

அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள், சண்டை போட. "எங்கப்பாவை உங்களுக்குப் பிடிக்காதுன்னு ஊருக்கே தெரியும் மாமா. அதுக்காக இந்த நேரத்துல அவர்மேல பழி போடுவீங்களா? இவரே தன் தப்புன்னு ஒத்துக்கிட்டார். அப்பா வேலையைக் கெடுத்து உங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். விரிசல் தெரிகிற அந்தக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வாக்குக் கொடுத்திருந்தேன். கேட்டுக்கொண்டு நின்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச காலம் அத்தான் மாப்பிள்ளை இருக்கிற அறைப் பக்கமே போகவில்லை. மனசாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது, அந்த மட்டுக்கும் மனுஷன்தான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மெல்லப் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு யாராவது வந்தால், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனைக் காட்டி, "நான் சொன்னேன், இவன் கேக்கல" என்பார். அடுத்த தடவை, "கம்பை எடுத்துக் கையிலயே கொடுத்தேன்" என்று ஒரு வரி சேர்ந்தது. அப்புறம், "தடுக்க ஓடினேன், ஒரு அடி பிந்திட்டேன்" என்று சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் முடிவில், "என்னப்பா, சொன்னேனா இல்லையா?" என்று அவனைக் கேட்பார். "சொன்னீங்க மாமா" என்பான் அவன். நடிக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் அருகில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, உதடு நடுங்கியது. அந்த ஆள் நடிக்கவில்லை ஐயா, நம்பிவிட்டார்! பொய் சொல்கிறவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். சொன்ன பொய்யைத் தானே நம்பி அழுகிறவனை என்ன செய்வது?

இதை மேனேஜர் எங்கேயோ கேட்டிருக்கிறார். மனசைத் தொடுகிறது என்றார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும், அதில் ஃபோர்மேனையே பேச வைக்கலாம் என்றார். அத்தான் ஒரு படி மேலே போனார். மாப்பிள்ளையையும் கையைப் பிடித்து அழைத்துப் போய் மேடையில் நிறுத்தினார். "காட்டு" என்பார். மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். முன்வரிசையில் இருக்கிற பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "கண்ணாடியைக் கழட்டு" என்பார். கழற்றத் தெரியாமல் அவன் தடுமாறினால் இவரே கழற்றிவிடுவார். "ஏன் கம்பு வைக்கல, நீயே சொல்லு" என்பார். "அவசரம்" என்பான் அவன். ஒவ்வொரு புது அணிக்கும் இது நடந்தது. இப்போதும் நடக்கிறது. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஒருத்தனும் கம்பு வைக்காமல் கப்ளரைத் தொட்டதில்லை என்று மேனேஜர் பெருமையாகச் சொல்கிறார். அது நிஜம்தான். வயிறு எரிகிறது.

"வேண்டாம்னு சொல்லித் தொலையேன்டா" என்று ஒரு தடவை அவனிடம் கேட்டேன். "வீட்டுல சும்மாதானே உட்கார்ந்திருக்கேன் சின்ன மாமா. நாலு பசங்களுக்குப் புத்தி வந்தா நல்லதுதானே" என்றான். தோள் குலுங்குகிறதா என்று பார்த்தேன். குலுங்கவில்லை.

போன வாரமும் ஒரு வகுப்பு. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் என் அக்கா மகள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அத்தான் எல்லாவற்றையும் சொன்னார், அந்த ஊசி சாய்ந்து நின்றதைக்கூடச் சொன்னார். "ஊசி சாய்ஞ்சிருக்கு, தொடாதேன்னு கத்தினேன்" என்றார். நான் கத்தினது அது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்வரிசையில் அவள் முதுகு தெரிந்தது. தூக்கின கைகளோடு மேடையில் நிற்கிறவனும் தெரிந்தான். உட்கார்ந்தே இருந்தேன்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் அத்தான்.

குழந்தை கையைத் தூக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்துக்கொண்டே, "கேளும்மா" என்றார்.

அவள் எழுந்து நின்று, தாத்தாவைக் கேட்காமல் தன் அப்பாவைக் கேட்டாள். "அப்பா, தாத்தா அவ்ளோ தடவை சொன்னாரே. நீ ஏன்பா கேக்கல?"

மாப்பிள்ளை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். வழக்கமாகச் சொல்கிற பதில் வரவில்லை.

"அப்பாவுக்கு அப்போ புத்தி இல்ல கண்ணு" என்றான்.

"எனக்கு இருக்கு" என்றாள் குழந்தை. "நான் தாத்தா சொன்னா கேப்பேன்."

என் அக்கா மகள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மண்டபம் முழுக்கக் கை தட்டினார்கள். அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கைதட்டல் அடங்குகிறவரை மாப்பிள்ளை அந்தக் கைகளை இறக்காமலேயே நின்றான்.

"கேளு கண்ணு" என்றான். "தாத்தா சொன்னா கேளு."